தாக்கம் நீக்கும் பட்டை

பட்டையை மாட்டப்போவது சுடர்விழிக்கு. ஆனால் சம்மதமா என்று மருத்துவர் கேட்டது அவளுடைய அம்மாவிடம்.

சுடர்விழிக்கு இருபத்து மூன்று வயது. சென்னையில் பேருந்துகளுக்கு மின்கலம் செய்யும் தொழிற்சாலையில் பொறியாளர். அவள் சோதித்துப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் ஒரு மின்கலம் வாசலைத் தாண்டும்; அதை நம்பி முகம் தெரியாத ஜனங்கள் குழந்தை குட்டிகளோடு ஏறி உட்கார்ந்து ஊர் போய்ச் சேர்வார்கள். அந்த விஷயத்தில் அவள் சொல்லை நம்புகிற உலகம், தான் யாரை நேசிக்கிறேன் என்று அவள் சொன்னபோது மட்டும் அதை நம்பவில்லை. வேறு யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டியது.

“வலிக்குமுங்களா டாக்டர்?” என்றாள் அம்மா கோகிலவாணி.

“ஊசிகூட இல்லம்மா. காதுக்குப் பின்னால ஒட்டிடுவோம், அவ்வளவுதான்.” டாக்டர் லோகேஸ்வரன் நகத்தளவு அகலமான சாம்பல் நிறப் பட்டையை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். “நம்ம மூளையில ஒரு பகுதி, பக்கத்துல இருக்கிறவங்க நம்மள ஏத்துக்கிறாங்களா, முகம் சுளிக்கிறாங்களான்னு எந்நேரமும் பார்த்துக்கிட்டே இருக்கும். ஏத்துக்கிட்டா இனிக்கும். ஒதுக்கினா வலிக்கும். அந்த இனிப்பையும் வலியையும் இது அமுக்கி வைக்கும். போதைப் பழக்கத்துல இருந்த பசங்களுக்குத்தான் முதல்ல செஞ்சோம். கூட்டாளிங்க கூப்பிட்டா போகாம இருக்கணும்ல?”

“என்ற புள்ளைக்கு அந்த மாதிரிப் பழக்கமெல்லாம் இல்லீங்க.”

“தெரியும்மா. ஆனா இவங்களுக்கும் கூட்டாளிங்கதானே பிரச்சினை.”

அப்பா சிவகுரு தலையை ஆட்டினார். கோவை கணபதியில் பம்ப்செட் மோட்டார்களுக்கு வார்ப்படம் செய்யும் பட்டறை அவருடையது. எதுவும் அச்சில் ஊற்றினால் அச்சின் வடிவில்தான் வரும் என்பது அவர் அன்றாடம் கண்ணால் பார்க்கிற உண்மை. மகள் வேறு வடிவில் வந்து நிற்கிறாள் என்றால், நடுவில் யாரோ அச்சை மாற்றிவிட்டார்கள்.

“மெட்ராஸ் போறதுக்கு முன்னால நல்லாத்தான் இருந்தா. கௌசிக்கைக் கட்டிக்கிறேன்னு அவ வாயாலதான் சொன்னா. கேட்டுப் பாருங்க.”

மருத்துவர் அப்போதுதான் முதல் தடவையாகச் சுடர்விழியைப் பார்த்தார். “சொன்னீங்களாம்மா?”

“சொன்னேன்.”

“அப்போ மாறினது உண்மைதானே?”

அவளுக்குப் பொய் சொல்லத் தெரிந்திருந்தால் அந்த இடத்தில் தப்பித்திருக்கலாம். பிறந்ததிலிருந்தே இப்படித்தான், எனக்கு எப்போதும் தெரியும் என்று ஒரே போடாகப் போட்டிருக்கலாம். ஆனால் அப்படி இல்லை. இருபது வயதில் குடும்ப நண்பரின் மகன் கௌசிக்கைக் கட்டிக்கொள்ள அவள் ஒப்புக்கொண்டது நிஜம். சென்னைக்குப் போய், ஒரே மாடியில் நான்கு பெண்களோடு குடியிருந்து, அவர்களில் ஒருத்தியான ஜெசிந்தாவோடு நெருங்கி, இதுதான் நான் என்று சொல்லிக்கொண்டது அதற்குப் பிறகு. மற்ற மூவரும் அன்று கேக் வெட்டினார்கள். பெண்ணை விரும்பும் பெண்களுக்கான பெயர் ஒன்றையும் அவளுக்குக் கொடுத்தார்கள். அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டபோது தோளில் யாரோ கை போட்டதுபோல் இருந்தது.

“மாறினேன்,” என்றாள். “மாறினா அது பொய்யாயிருமா டாக்டர்?”

“அதைத்தான் பார்க்கப் போறோம்.”

இளையோர் மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, இருபத்தைந்து வயதுக்குள் இருக்கிற ஒருவர் ‘பிறர் தாக்கத்தால் தன்னிலை மாறியவர்’ என்று பெற்றோர் விண்ணப்பித்தால் இந்தச் சிகிச்சை தரலாம். ஆண் பெண்ணை விரும்ப ஆரம்பித்தால் யாரும் விண்ணப்பிப்பதில்லை, அது வயசு. சட்டம் இளையவரின் சம்மதத்தையும் கேட்டது. அதற்கென்றே அரசு நியமித்த ஆலோசகர் ஒருவர் பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்தார்.

“உங்களை யாராவது கட்டாயப்படுத்தினாங்களாம்மா?” என்றார் அந்த அம்மையார்.

“எங்கம்மா சாப்பிடாமக் கெடந்தாங்க. மயக்கம் போட்டு விழுந்தாங்க. ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு, நீ சரின்னு சொன்னாத்தான் சொட்டுத் தண்ணி குடிப்பேன்னாங்க. நான் சரின்னேன்.”

“அதைக் கேக்கல. கட்டாயம், மிரட்டல், ஏதாவது தாக்கம்?”

“இது தாக்கம் இல்லீங்களா?”

ஆலோசகர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பரிவோடு சிரித்தார். “அது பாசம்மா.”

கேக் வெட்டினால் தாக்கம். பட்டினி கிடந்தால் பாசம். சுடர்விழிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மேசையைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டு எழுந்து போயிருக்கலாம். வெளியே நாற்காலியில் அம்மா மணிக்கட்டில் ஊசிக் காயத்தோடு உட்கார்ந்திருந்தாள். சுடர்விழி கையெழுத்துப் போட்டாள்.

அன்று மாலை, விடுப்பில் வந்திருந்த கோவை வீட்டிலிருந்து ஜெசிந்தாவிடம் போனில் பேசினாள். ஜெசிந்தா தூத்துக்குடிக்காரி. துறைமுகத்துக் கிரேன் ஓட்டுநரின் மகள். சென்னையில் கண் மருத்துவமனை ஒன்றில் பார்வைப் பரிசோதகராக இருந்தாள்.

“ஏட்டி, ஒருவேளை அது போயிட்டுன்னா?”

“போயிட்டா அது என்னோடது இல்லேன்னு அர்த்தம். எனக்கும் தெரிஞ்சுக்கணும் ஜெசி.”

“ஒனக்குத் தெரிஞ்சுக்கணும், சரி. ஒனக்குத் தெரிஞ்சதுக்கப்புறம் நா என்ன செய்ய?”



பட்டை ஒட்டிய கொஞ்ச நேரத்தில் தோள் பாரம் இறங்கியதுபோல் இருந்தது. பிறகு ஒவ்வொன்றாக உதிரத் தொடங்கியது. அப்பா குடிக்கிறார் என்பதற்காகக் குடித்துப் பழகிய சர்க்கரையில்லாத காப்பி கசந்தது, நிறுத்திவிட்டாள். தோழிகளின் குழுவில் வந்த செய்திகளைத் திறந்தாள். ‘தைரியமா இரு’, ‘நாங்க இருக்கோம்’. முன்பெல்லாம் கண்ணில் நீர் வரவழைக்கும் வரிகள். இப்போது ரயில் நிலைய அறிவிப்பைக் கேட்பது போல் இருந்தது. அவர்கள் கொடுத்த பெயரை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். தப்பாகவும் படவில்லை, தன்னுடையதாகவும் படவில்லை. யாரோ கொடுத்த சட்டை. அளவு சரியாக இருந்தது, அவ்வளவுதான்.

“அந்தப் பேரை நான் இனிமே சொல்லிக்கப் போறதில்லம்மா,” என்று அவள் சொன்னதும் கோகிலவாணி பூஜை அறைக்கு ஓடினாள். சிவகுரு மருத்துவருக்குப் போன் போட்டு நன்றி சொன்னார். மருத்துவர், நல்ல முன்னேற்றம் என்றார்.

அவள் மிச்சத்தைச் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை. பெயர் போன பிறகும் ஜெசிந்தா போகவில்லை. கடைப் பலகைகளை எல்லாம் சத்தமாகப் படித்துக்கொண்டே நடக்கிற ஜெசிந்தா. புருவத்தைக் குறுக்கே வெட்டும் தழும்பு. குளித்துவிட்டு ஈரத்தோடு வந்து அடுப்படியில் நிற்கும்போது அவள் கழுத்து. அதை நினைத்தால் அடிவயிற்றில் ஏற்படும் இழுப்பு அப்படியே இருந்தது. யாரும் கை தட்டாமல், யாரும் காறித் துப்பாமல், வெறுமனே இருந்தது.

கௌசிக்கையும் நினைத்துப் பார்த்தாள். கல்லூரியில் தோழிகள் அவன் பெயரைச் சொல்லி விசில் அடித்தது நினைவுக்கு வந்தது. அவனைப் பிடிக்கும் என்று சொன்ன அன்று அம்மாவின் முகம் மலர்ந்தது நினைவுக்கு வந்தது. அப்பா முதல்முறையாக அவள் தலையில் கை வைத்தது நினைவுக்கு வந்தது. அதையெல்லாம் நீக்கிவிட்டு அவனைத் தேடினாள். நல்ல பையன். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

வீட்டில் அவள் நடமாட்டம் மாறியது. கதவைச் சாத்தாமல் போனில் பேசினாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வம்புக்குக் கேள்வி கேட்டால் பதில் சொன்னாள். கோகிலவாணி ஒருநாள் ஏதோ நினைத்துக்கொண்டு சமையலறையில் அழுதபோது, சுடர்விழி தண்ணீர் பிடிக்க வந்தாள், அம்மா அழுவதைப் பார்த்தாள், சொம்பை நிரப்பிக்கொண்டு போனாள். கோபத்தில் போயிருந்தால்கூட அம்மாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மழை பெய்வதைப் பார்ப்பதுபோல் அவள் பார்த்தாள். அதற்குப் பிறகு கோகிலவாணி அந்தப் பட்டையைப் பார்க்கும்போதெல்லாம் கண்ணைத் திருப்பிக்கொண்டாள்.

சிவகுரு அதைக் கவனிக்கவில்லை. அவர் கௌசிக்கையும் அவன் அம்மா ருக்மணியையும் ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருந்தார்.

ருக்மணி பலகாரத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, “எல்லாம் சரியாயிருச்சுங்களா?” என்றாள், கடுங்காய்ச்சலை விசாரிப்பதுபோல்.

“ஆயிருச்சுங்க,” என்றார் சிவகுரு. “கண்ணு, நீயே சொல்லு.”

“என்ன சொல்லோணுங்கப்பா?”

“கௌசிக்கைப் பத்தி உனக்கு என்ன தோணுதுன்னு.”

சுடர்விழி சற்று யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். “நல்லவருங்க அத்தை. அப்ப நான் சரின்னு சொன்னது எங்கம்மா சந்தோசப்படுவாங்கன்னு. அப்பா என்கிட்ட அன்பாப் பேசுவாருன்னு. அவருக்காகச் சொல்லல. அவர்கிட்ட எனக்கு அந்த மாதிரி எண்ணம் அப்பவும் இல்ல, இப்பவும் இல்ல. ஜெசிந்தாகிட்டதான் இருக்குது.”

தட்டு ருக்மணியின் மடியில் சாய்ந்தது. கௌசிக் தலை நிமிராமல், “நீ இதை அப்பவே எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்,” என்றான். அவன் குரல் உடைந்திருந்தது. சுடர்விழிக்கு அது கேட்டது, புரிந்தது, உள்ளே எங்கேயும் படவில்லை.

அவர்கள் போன பிறகு சிவகுரு மருத்துவரைப் போனில் பிடித்துக் கத்தினார். “கூட்டாளிக பண்ணுனதுதான் போகும்னு சொன்னீங்க! இங்க பெத்தவங்க பேச்சே எடுபடாமப் போச்சு!”

“பட்டைக்கு யார் அப்பா, யார் கூட்டாளின்னு தெரியாதுங்க சார். எல்லாரையும் ஒண்ணாத்தான் அமுக்கும்,” என்றார் மருத்துவர் லோகேஸ்வரன் நிதானமாக. “அதுக்கும் வழி இருக்கு. புதுசா ஒண்ணு வந்திருக்கு. கூட்டிக்கிட்டு வாங்க.”

அதற்குள் ஜெசிந்தா கோவைக்கே வந்துவிட்டாள். போனில் சுடர்விழியின் பேச்சு அவளுக்குப் பிடிபடவில்லை. விடுப்பு எடுத்துக்கொண்டு ரயில் ஏறிவிட்டாள். கோகிலவாணி, போகாதே என்றாள். சுடர்விழி செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். வாசலில் அவளைத் தடுக்க இப்போது எதுவும் இல்லை.

ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு சிற்றுண்டிக் கடையில் இருவரும் உட்கார்ந்தார்கள்.

“அது போகல ஜெசி,” என்றாள் சுடர்விழி. “எல்லாரையும் எடுத்துட்டுப் பார்த்தாச்சு. நீ அப்படியே இருக்கறே.”

ஜெசிந்தா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். கையை எடுத்தபோது சிரிப்பும் கண்ணீருமாக இருந்தாள். “ஏட்டி, நா எவ்வளவு பயந்துட்டேன் தெரியுமா? தூக்கமே இல்ல. நேத்து வேலையில ஒரு பெரியவருக்கு எழுத்துப் பலகையத் தலகீழா மாட்டிட்டேன் பாத்துக்கோ.”

“சரி.”

“சரியா?”

“நீ பயந்தது எனக்கு இப்பப் பெருசாப் படல. நீ என்னை விரும்பறியா இல்லையாங்கறதுகூட முக்கியமாத் தோணல. நான் உன்னை விரும்பறேன். அது உறுதியாத் தெரிஞ்சுருச்சு. நல்லதுதானே?”

ஜெசிந்தாவின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. மேசைக்கு மேல் கையை நீட்டிச் சுடர்விழியின் விரல்களைப் பிடித்தாள். சுடர்விழி அந்தக் கையை ஆசையோடு பார்த்தாள். பிடித்தவள் நடுங்குகிறாள் என்பது அவளை எட்டவில்லை.

“என் மனசு ஒனக்கு வேண்டாமா?” என்றாள் ஜெசிந்தா.

“வேண்டாம்னு சொல்லல. அது என்னைத் தொட மாட்டேங்குது.”

“அப்போ இதக் கழட்டிட்டு வா.” ஜெசிந்தா கையை எடுத்துக்கொண்டாள். “ஒங்க அப்பா அம்மா ஒன்ன என்ன பண்ணி வச்சிருக்காவன்னு இப்பத்தான் தெரியுது. நா அழுதா ஒனக்கு வலிக்கணும்ட்டி. வலிக்காத ஒருத்தியோட நா எப்படிக் குடியிருப்பேன்? கழட்டிட்டு, அதுக்கப்புறமும் நா வேணும்னா வா. வேண்டாம்னு தோணுனா அதையும் வந்து சொல்லு.”

அவள் அழுதுகொண்டே தெருவைக் கடந்து போனாள். போகிற வழியில் எந்தப் பலகையையும் படிக்கவில்லை. தனக்குத் துக்கமாக இருந்திருக்க வேண்டும் என்று சுடர்விழி நினைத்தாள். நினைக்க மட்டுமே முடிந்தது. ஒரு கையை வெட்டி எடுத்துவிட்டு, பார், உன் உடம்பில் வலியே இல்லை என்று சொன்னதுபோலத்தான் தன்னைச் செய்திருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெளிவாகப் புரிந்தது.

“நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போலாம்ப்பா,” என்றாள் வீட்டுக்கு வந்து. “கழட்டிக்கறேன்.” பட்டையை மருத்துவமனையில்தான் கழற்ற முடியும், வீட்டில் பிய்த்தால் தோலோடு வரும்.

சிவகுரு சரி என்றார். ஏன் அவ்வளவு சுலபமாகச் சரி என்றார் என்பது மறுநாள் தெரிந்தது.

மருத்துவரின் மேசையில் இரண்டாவது பட்டை ஒன்று இருந்தது. “இது ஆளைப் பார்த்து வேலை செய்யும்,” என்றார் அவர். “யார் யார் குரல் அடங்கணும், யார் யார் குரல் அப்படியே கேக்கணும்னு நாம பதிஞ்சு கொடுத்திடலாம். சிநேகிதங்களை அமுக்கிடும். பெற்றோரைத் தொடாது.”

“நான் இதுக்கு ஒத்துக்க மாட்டேன்,” என்றாள் சுடர்விழி.

“இது புது சிகிச்சை இல்லம்மா, தொடர் சிகிச்சை. ஏற்கெனவே நீங்க சம்மதிச்சிருக்கீங்க. இதுக்குப் பெற்றோர் ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாப் போதும். சட்டம் அப்படித்தான்.”

சிவகுரு படித்துக்கூடப் பார்க்காமல் போட்டார். பேனாவை மனைவியிடம் நீட்டினார். கோகிலவாணி வாங்கவில்லை.

“போன தடவை போட்டதுக்கே என்ற புள்ள என்னைய யாரோ மாதிரிப் பார்க்கறாளுங்க. எனக்குப் பயமா இருக்குதுங்க.”

“இதுல அப்படி ஆகாதும்மா. வலிக்கவும் செய்யாது. வேணும்னா சும்மா ஒரு தடவை நீங்களே பழைய மாதிரிப் பட்டை ஒண்ணைப் போட்டுப் பாருங்க. இங்கேயே கழட்டிடலாம்.”

“போட்டுப் பாரு கோகிலா,” என்றார் சிவகுரு. “பயம் தெளியட்டும்.”

அவர் சொன்னதால் அவள் போட்டுக்கொண்டாள்.

செவிலியர் அவளைக் கொஞ்ச நேரம் கண்ணை மூடி உட்காரச் சொன்னார். கோகிலவாணியின் புருவ முடிச்சு அவிழ்ந்தது. எப்போதும் சற்றுக் கூனியிருக்கும் தோள் நிமிர்ந்தது. கண் திறந்து அறையைப் பார்த்தாள், மருத்துவரைப் பார்த்தாள், கடைசியாகக் கணவரைப் பார்த்தாள். பல வருடப் பழக்கமுள்ள ஒரு மனிதரை முதல்முறையாகப் பார்க்கிற பார்வை.

“வலிக்குதா?” என்றார் சிவகுரு.

“இல்லீங்க.”

“பாத்தியா? இந்தா, போடு.”

“வேண்டாங்க. எனக்கு இஷ்டமில்லை.”

“என்ன பேசறே நீ? இவளுக்காகச் சாப்பிடாமக் கெடந்தவ நீதானே?”

“கெடக்கச் சொன்னது நீங்க,” என்றாள் கோகிலவாணி. குரலில் கோபம் இல்லை. “நீ பட்டினி கெடந்தாத்தான் அவ எறங்கி வருவா, அம்மான்னா அதைத்தான் பண்ணோனும்னு சொன்னீங்க. சொந்தக்காரங்க முன்னால தலைகுனிய வெச்சுராதேன்னு சொன்னீங்க. எனக்குப் பசிச்சுதுங்க. ரொம்பப் பசிச்சுது.”

சிவகுருவின் கை பேனாவோடு அந்தரத்தில் நின்றது. சுடர்விழி அம்மாவைப் பார்த்தாள். அந்த அறையில் அப்போது யாருக்கும் பயப்படாத இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருத்திக்காக இன்னொருத்தி அழவும் முடியாத நிலையில் இருந்தார்கள்.

“ரெண்டு பேருக்கும் கழட்டுங்க,” என்றார் மருத்துவர் அவசரமாக. “பட்டையோட எடுக்கிற முடிவு செல்லாது.”

செவிலியர் மருந்துத் துணியால் துடைத்து இரண்டையும் எடுத்தார்.

சுடர்விழிக்கு முதலில் வந்தது கௌசிக்கின் உடைந்த குரல். அப்புறம் சொம்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பியபோது பின்னால் கேட்ட அம்மாவின் விசும்பல். அப்புறம் ஜெசிந்தாவின் நடுங்கிய கை. எல்லாம் ஒன்றாக வந்து மோதியது. நாற்காலியிலேயே மடங்கி, வாய்விட்டு அழுதாள்.

கோகிலவாணியின் தோள் பழையபடி கூனியது. அவள் கணவரைப் பார்க்கப் பயந்து தரையைப் பார்த்தாள்.

“இப்பத்தான் கழட்டியாச்சில்ல,” என்றார் சிவகுரு. பற்களுக்கிடையில் வந்தது சொல். “இப்பப் போடு.”

அவள் பேனாவை வாங்கினாள். பேனா காகிதத்தில் தட்டித் தட்டிச் சத்தம் எழுப்பியது. மருத்துவர் போடவேண்டிய இடத்தை விரலால் காட்டினார். கோகிலவாணி அந்த விரலுக்குப் பக்கத்தில் பேனாவைப் படுக்க வைத்தாள்.

“இப்பவும் வேண்டாங்க,” என்றாள். யாருக்கும் சரியாகக் கேட்காத குரலில்.

சிவகுரு நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே போனார். கீழே கார் உறுமத் தொடங்கியது கேட்டது.

மருத்துவமனைப் படியில் அம்மாவும் மகளும் நின்றார்கள். வெயில் சுள்ளென்று அடித்தது. சுடர்விழி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அதன் நடுக்கம் இப்போது அவள் கைக்குள்ளும் ஏறியது.

“அந்த ஜெசிந்தாப் புள்ளைய எனக்குப் புடிக்கல,” என்றாள் கோகிலவாணி. “பட்டை போட்டிருக்கும்போதும் நெனைச்சுப் பார்த்தேன். அப்பவும் புடிக்கல. அது யாரும் எனக்குச் சொல்லித் தந்தது இல்ல, பாத்துக்கோ. நானா நெனைக்கறது.”

அழுகையோடு சுடர்விழிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சரிம்மா.”

“நீ மெட்ராசுக்குப் போயிருவியா?”

“போவேன்.”

“நான் அழுதா?”

“எனக்கு வலிக்கும். வலிச்சுட்டே போவேன்.”

கோகிலவாணி மகளின் காதுக்குப் பின்னால் பட்டை இருந்த இடத்தைத் தொட்டாள். சிவந்து தடித்திருந்தது. “தேங்காயெண்ணெய் போடு,” என்றாள்.

கார் ஹாரன் அடித்தது. நிறுத்தாமல் மறுபடியும் அடித்தது. சிவகுரு குனிந்து உள்ளிருந்தபடியே முன்கதவைத் தள்ளித் திறந்து வைத்திருந்தார். கோகிலவாணி மகளின் கையை விட்டுவிட்டு மெதுவாகப் படி இறங்கினாள். திறந்திருந்த கதவை அழுத்திச் சாத்தினாள். பிறகு பின்கதவைத் திறந்து, ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டாள்.